நிலைமின் ஹெட்போனும் வீட்டில் ஆக்கிய விரியலாக்கியும்

விஞ்ஞானக் கருவிகளின் வரலாற்றைக் கற்போர், இன்ன கருவியை இன்னார் இன்ன ஆண்டிற் கண்டுபிடித்தார் என்பதனை மனத்திருத்தி அவ்வளவில் அமைந்துவிடுதல் வழக்கம். ஒரு கருவி தோன்றிய ஆண்டிற்கும் அது மக்களுக்குப் பயன்படத் தொடங்கிய ஆண்டிற்கும் இடையே சில வேளைகளில் ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட காலம் கழிந்திருத்தலை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்காலத்தில் அக்கருவி எதன் வரவை நோக்கிக் காத்திருந்தது என ஆராயின், கண்டுபிடிப்புக்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் முறைமை நன்கு விளங்கும். இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைவது நிலைமின் ஹெட்போன். அதன் மூலவடிவத்திற்கு அமெரிக்காவில் 1881 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வழங்கப்பட்டது. இசை கேட்போர் விலைகொடுத்து வாங்கக்கூடிய பொருளாக அது வெளிவந்ததோ 1960 ஆம் ஆண்டில், யப்பான் நாட்டில். இடைப்பட்ட ஏறக்குறைய எண்பது ஆண்டுகளிலும் அது பெரிதும் காத்திருந்தது, தன்னை இயக்கவல்ல விரியலாக்கிக்காகவே எனலாம். அம்பிளிபையர் எனப் பொதுவாக வழங்கும் அவ்விரியலாக்கியைத் தம் கையாலேயே வீட்டில் ஆக்கிக்கொண்டோர் பலர். அவர்களுக்கும் இவ்வரலாற்றிற் சிறப்பான ஓரிடம் உண்டு.

கருவியின் தத்துவம்

சாதாரண ஹெட்போனில் நிலைக்காந்தமொன்றின் புலத்தினுள்ளே கம்பிச்சுருளொன்று அமைந்திருக்கும். சுருளிற் பாயும் மின்னோட்டம் மாறுந்தோறும் அச்சுருள் முன்னும் பின்னும் அசையும். அதனோடு ஒட்டிய படலம் காற்றை அசைத்து ஒலியைப் பிறப்பிக்கும். நிலைமின் ஹெட்போனிற் காந்தமுமில்லை, சுருளுமில்லை. துளையிட்ட இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கோ இரு பங்கோ தடிப்புள்ள மென்படலமொன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். படலத்திற்கும் ஒவ்வொரு தகட்டிற்கும் இடையேயுள்ள வெளி ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். இக்காலக் கருவிகள் பலவற்றிற் படலத்திற்கு 580 உவோற்று அழுத்தத்தில் மின்னேற்றம் ஊட்டப்படுகின்றது. இசைக்குரிய மின்குறி இரு தகடுகளுக்கும் எதிரெதிர் நிலையில் வழங்கப்பட, ஒரு தகடு படலத்தை இழுக்கும்; மற்றையது தள்ளும்.

படலத்தின் முழுப் பரப்பிலும் விசை ஒருங்கே தாக்குதலாலும், படலத்தின் நிறை மிகமிகச் சிறிதாதலாலும், குறியில் எழும் நுண்ணிய மாற்றங்களையும் அது தவறாது பின்பற்றும். வீணையின் தந்தியை விரல் மீட்டும் கணத்தில் எழுந்து உடன் மறையும் நுண்ணோசையும் கேட்போர் செவிக்குக் குறைவின்றிச் சென்றடையும். இக்கருவியை விரும்புவோர் கூறும் சிறப்பு இதுவே. ஆயின், அச்சிறப்பிற்கு ஒரு விலையுண்டு. சாதாரண ஹெட்போன் ஓரிரு உவோற்று அழுத்தத்திலேயே வேண்டிய ஒலியைத் தரும். நிலைமின் ஹெட்போன் அதே அளவு ஒலியைத் தர நூறு உவோற்று வரை வேண்டும். இசையின் உச்சங்களில் முந்நூறு, நானூறு உவோற்றும் வேண்டப்படும். இவ்வுயர் அழுத்தத்தை வழங்குவது எவ்வாறு என்னும் வினாவே இக்கருவியின் வரலாறு முழுவதையும் நடத்திச் சென்றது.

டொல்பெயரும் 1888 ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

ஏமொஸ் டொல்பெயர் என்பார் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ரவ்ற்ஸ் கல்லூரியிற் பௌதிகப் பேராசிரியராக விளங்கியவர். சிள்வண்டு ஒலிக்கும் வேகத்தைக்கொண்டு வெப்பநிலையைக் கணிக்கலாம் என 1897 ஆம் ஆண்டில் எழுதியவரும் இவரே. கிரகம் பெல் 1876 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற தொலைபேசி காந்தத்தை அடிப்படையாகக் கொண்டது. டொல்பெயர் 1881 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற கேள்கருவியிலோ காந்தம் இல்லை. சிறு காற்றிடைவெளியால் ஒன்றையொன்று தொடாது நின்ற இரு மெல்லிய உலோகத் தட்டுகளே அதன் உறுப்புக்கள். தூண்டற்சுருளொன்றின் மூலம் குறியின் அழுத்தம் உயர்த்தப்பட்டு அத்தட்டுகளுக்கு வழங்கப்பட்டது. கொள்ளளவியொன்று பேசிய விந்தையை மக்கள் அன்று கண்டனர்.

பெல் நிறுவனம் அவர் மீது வழக்குத் தொடுத்தது. தொலைபேசி வழக்குகள் எனப் பெயர்பெற்ற வழக்குத் தொகுதியில் அதுவும் ஒன்றாகி, 1888 ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெற்றது. பேச்சொலியின் அதிர்விற்கு ஒத்தவாறு மின்னை ஏற்றியிறக்கி அனுப்பும் முறை பெல்லுக்குரியது என்றும், கேட்கும் கருவி வேறாயினும் டொல்பெயர் கையாண்டது அம்முறையே என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. காந்தமின்றி ஒலியெழுப்பும் ஒரு புதுவழி இவ்வாறு, காந்தத்தால் ஒலியெழுப்பியவரின் உரிமைக்குள் அடைபட்டது.

எனினும், நிலைமின் கேள்கருவி மறக்கப்பட்டமைக்கு அத்தீர்ப்பு மட்டுமே காரணமெனல் பொருந்தாது. பெல்லின் முதற் காப்புரிமை 1893 ஆம் ஆண்டிற் காலாவதியாயிற்று. அதன் பின்னர் டொல்பெயரின் கருவியை எவரும் தடையின்றி ஆக்கியிருக்கலாம், ஆக்குவோர் இலராயினர். தூண்டற்சுருள் அழுத்தத்தை உயர்த்தியதன்றிக் குறியின் வலுவைப் பெருக்கவில்லை. மறுமுனையைச் சென்றடைந்த வலு மிகச் சிறிதே. அவ்வலுவிற் காந்தக் கருவி தெளிவாகப் பேசியது. நிலைமின் கருவியோ மெல்ல முணுமுணுத்தது. சட்டம் திறந்துவிட்ட கதவினூடே நுழைதற்கு வேண்டிய துணை அன்று பிறந்திருக்கவில்லை.

வால்வின் வரவு

அத்துணை, வெற்றிட வால்வின் வடிவில் வந்தது. இங்கிலாந்தில் அம்புறோஸ் பிளெமிங் 1904 ஆம் ஆண்டில் இருமுனை வால்வினை ஆக்கினார். அமெரிக்காவில் லீ டி பொறெஸ்ற் 1906 ஆம் ஆண்டில் ஓடியன் எனப்பட்ட வால்வினை ஆக்கி, அடுத்து அதனுள்ளே நெய்யரி எனப்படும் கம்பிவலையொன்றையும் அமைத்தார். நெய்யரிக்கு வழங்கும் மிகச் சிறிய அழுத்தமாற்றம் வால்வினூடு பாயும் இலத்திரன் ஓட்டத்தைப் பெரிதும் மாற்றுமாதலின், சிறுகுறியொன்று அதன் வடிவு குன்றாது பெருகியது. குறியை நன்கு வலுப்படுத்தவல்ல கருவி மனிதனுக்கு இவ்வாறு கிடைத்தது. நியூயோர்க்கிற்கும் சான் பிரான்சிஸ்கோவிற்கும் இடையே 1915 ஆம் ஆண்டிற் தொலைபேசித் தொடர்பு திறக்கப்பட்டதும் இவ்வால்வின் துணையாலேயே.

நிலைமின் தத்துவத்திற்கு வால்வு அளித்த உயிர் முதலில் மறுதிசையில் வெளிப்பட்டது. பெல் தொலைபேசி அமைப்பைச் சேர்ந்த ஈ. சி. வென்ற் என்பார் 1917 ஆம் ஆண்டில் விவரித்த கொள்ளளவி ஒலிவாங்கி, டொல்பெயரின் கருவியைத் தலைகீழாக்கியது போன்றது. டொல்பெயரின் தட்டு மின்னால் அசைந்து ஒலி எழுப்பியது. வென்றின் படலம் ஒலியால் அசைந்து மின்குறி எழுப்பியது. அக்குறி மிகச் சிறிதாதலின், ஒலிவாங்கியின் அருகிலேயே வால்வு விரியலாக்கியொன்று வைக்கப்பட்டது.

விரியலாக்கியின் வளர்ச்சியில் அடுத்த பெரும்படி 1927 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2 ஆம் நாள் எடுத்துவைக்கப்பட்டது. ஹரோல்ட் பிளாக் என்னும் பொறியியலாளர் ஹட்சன் ஆற்றைப் படகிற் கடந்து வேலைக்குச் செல்லும்பொழுது, விரியலாக்கியின் பயப்பில் ஒரு பகுதியை அதன் தொடக்கத்திற்கே எதிர்க்குறியோடு திருப்பியனுப்பின் குறியிலேற்படும் திரிபு குறையும் என்னும் எண்ணம் உதிக்க, கையிலிருந்த நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் பக்கத்திலேயே அதனைக் குறித்துக்கொண்டார். மறைப் பின்னூட்டல் எனப்படும் இம்முறை இன்றி உயர்தர ஒலிக் கருவிகள் தோன்றியிரா.

கொள்கையும் படலமும்

வால்வு கிடைத்த பின்னரும் இரு குறைகள் எஞ்சின. ஒரு தகடு மட்டுமுள்ள நிலைமின் கருவியில் விசை அழுத்தத்தின் வர்க்கத்திற்கு விகிதசமமாதலின், ஒலியிற் திரிபு புகுந்தது. இக்குறையை நீக்கும் வழியை ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெடெரிக் ஹன்ற் 1954 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது மின்னொலியியல் நூலிற் தெளிவுறுத்தினார். படலத்தை இரு தகடுகளுக்கு நடுவே அமைத்து, மிகப் பெரிய தடையினூடாக அதற்கு மின்னேற்றம் ஊட்டின், படலம் அசையும்போதும் அதிலுள்ள ஏற்றத்தின் அளவு மாறாது நிற்கும். ஏற்றம் மாறாதாயின் விசை குறியின் அழுத்தத்திற்கு நேர்விகிதசமமாகும், திரிபு ஒழியும்.

மற்றைய குறை படலத்தைப் பற்றியது. இழுத்துக் கட்டினால் தளராததும், காற்றின் ஈரத்தால் மாறாததும், மிக மெல்லியதுமான பொருள் வேண்டப்பட்டது. வின்பீல்ட், டிக்சன் என்னும் இரு பிரித்தானிய இரசாயனவியலாளர் 1941 ஆம் ஆண்டில் ஆக்கிய பொலியெஸ்ரர் பொருள், பின்னர் மெல்லிய சுருள்களாக வெளிவந்து அத்தேவையை நிறைவு செய்தது. விரியலாக்கி, கொள்கை, படலம் ஆகிய மூன்றும் 1950 களின் நடுப்பகுதியிலேயே ஒருங்கே கூடின. கூடிய சில ஆண்டுகளிற் பயன் விளைந்தமையைக் காணலாம்.

வில்லியம்சன் வெளியிட்ட மின்சுற்று

இங்கிலாந்தில் வெளிவந்த வயர்லெஸ் வேர்ல்ட் என்னும் மாத இதழ் 1947 ஆம் ஆண்டு ஏப்பிரல், மே மாதங்களில் டி. ரி. என். வில்லியம்சன் என்னும் இளைஞரின் கட்டுரையை வெளியிட்டது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்து நான்கிற்கு மேலில்லை. பதினைந்து உவாற்று வலுவினை ஆயிரத்திலொரு பங்கிலும் குறைந்த திரிபோடு வழங்கும் விரியலாக்கியொன்றின் மின்சுற்றையும், அதன் நிலைமாற்றியைச் சுற்றும் முறையையும் அவர் மறைக்காது எழுதினார். உலகின் பல பாகங்களிலும் வானொலியிற் பற்றுடையோர் அவ்விதழை விரித்துவைத்துக்கொண்டு அதனை ஆக்கினர். போருக்குப் பின்னர் நிலவிய பொருட்பஞ்சத்திலும், கடையில் வாங்கவியலாத தரமுள்ள கருவியொன்று பலர் வீடுகளில் இயங்கியது.

வில்லியம்சன் அத்துடன் அமையவில்லை. ஹன்ரிங்டன் நகரில் குவாட் கருவிகளை ஆக்கிய பீற்றர் வோக்கருடன் சேர்ந்து நிலைமின் ஒலிபெருக்கியை உருவாக்குவதிலும் ஈடுபட்டார். வோக்கர் 1955 ஆம் ஆண்டில் அதே வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் அதன் தத்துவத்தை விரிவாக எழுதினார். 1957 ஆம் ஆண்டில் குவாட் நிலைமின் ஒலிபெருக்கி விற்பனைக்கு வந்தது. வணிகனொருவன் தன் பொருள் கடைக்கு வருமுன்னரே அதன் இயல்பைப் பிறர் அறிய எழுதினமை நினைவிற்கொள்ளத்தக்கது. அவ்விதழ் நிலைமின் ஹெட்போனை வீட்டில் ஆக்கும் முறைகளையும் 1968, 1979 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டது.

யப்பானிய முயற்சி

யப்பானில் 1938 ஆம் ஆண்டிற் தொடங்கப்பட்டு, பின்னர் ஸ்ராக்ஸ் எனப் பெயர் பெற்ற சிறு நிறுவனம், 1960 ஆம் ஆண்டில் எஸ்.ஆர். 1 என்னும் நிலைமின் ஹெட்போனை விற்பனைக்கு விட்டது. இத்தகைய கருவிகளைத் தொடக்கத்திற் பலர் சாதாரண விரியலாக்கியோடு சிறுபெட்டியொன்றின் மூலம் இணைத்தனர். அப்பெட்டியினுள் இருந்த நிலைமாற்றி சில உவோற்றினைப் பல நூறு உவோற்றாக உயர்த்தியது. சிறப்பு விரியலாக்கியின்றிக் கேட்பதற்கு இஃது எளிய வழியாயினும், தாழ்ந்த மீடிறன்களையும் உயர்ந்த மீடிறன்களையும் ஒருசேரக் குறையின்றிக் கடத்தும் நிலைமாற்றியை ஆக்குதல் அரிது. ஆதலின், நிலைமாற்றியின் துணையின்றித் தகடுகளை நேரே இயக்கும் உயர் அழுத்த விரியலாக்கியே சிறந்ததெனக் கொள்ளப்பட்டது.

இத்துறை என்றும் சிறிதாகவே இருந்தது. ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர்பியூஸ் என்னும் நிலைமின் ஹெட்போன், அதன் வால்வு விரியலாக்கியோடு, முந்நூறு தொகுதிகள் அளவிலேயே ஆக்கப்பட்டது. 1990 களின் நடுவில் ஸ்ராக்ஸ் நிறுவனமும் நொடிந்துபோய், 1996 ஆம் ஆண்டிற் புதிய நிறுவனமாக மீண்டும் எழுந்தது. 2011 ஆம் ஆண்டிற் சீன நிறுவனமொன்றின் உடைமையாயிற்று. இத்தகைய துறையில் ஒரு நிறுவனம் வீழின் அதன் அறிவும் உடன் வீழ்தல் கூடும். அவ்வாறு நேராமற் காத்தவருள் வீட்டில் விரியலாக்கி ஆக்குவோரும் அடங்குவர்.

வீட்டில் ஆக்கும் முறை

2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அமெரிக்கரான கெவின் கில்மோர் என்பார், நிலைமின் ஹெட்போனை நேரே இயக்கும் விரியலாக்கிகளின் மின்சுற்றுக்களைப் பலரும் அறிய வெளியிடத் தொடங்கினார். அவற்றுட் சில முற்றிலும் திரான்சிற்றர்களால் ஆனவை. புளூ ஹவாய் எனப்படுவது ஈ.எல். 34 வால்வுகளை இறுதிநிலையிற் கொண்டது. வில்லியம்சனின் கட்டுரையைப் போன்றே இவையும் பல நாடுகளிற் பலர் கையில் உருப்பெற்றன.

இத்தகைய விரியலாக்கியிற் பொதுவாக நான்கு பகுதிகள் உண்டு. முதலாவது, வீட்டு மின்னை உயர்த்தி நேரோட்டமாக்கி, நேர் 400 உவோற்றும் மறை 400 உவோற்றும் அளவாகச் சீர்செய்து வழங்கும் மின்வழங்கி. இரண்டாவது, உள்வரும் குறியை ஒன்றற்கொன்று எதிரான இரு குறிகளாகப் பிரிக்கும் தொடக்கநிலை. மூன்றாவது, அவற்றைப் பன்னூறு மடங்கு பெருக்கித் தகடுகளுக்கு அனுப்பும் இறுதிநிலை. நான்காவது, படலத்திற்கு 580 உவோற்று ஏற்றம் ஊட்டும் சிறுபகுதி.

இவற்றின் அளவுகளைக் கணக்கிட்டு நோக்கின் ஒரு புதுமை புலப்படும். ஒரு செவிப்பக்கத்தின் கொள்ளளவம் ஏறக்குறைய 110 பிக்கோபரட். 20,000 ஹேர்ட்ஸ் மீடிறனில் அஃது 72,000 ஓம் தடைபோல நிற்கும். ஆங்கு 300 உவோற்று வழங்கின் பாயும் ஓட்டம் 4 மில்லியம்பியர் அளவே. 100 ஹேர்ட்ஸிலோ அவ்வோட்டம் ஒரு மில்லியம்பியரின் ஐம்பதிலொரு பங்கு. கொள்ளளவி தான் பெற்ற சத்தியை மீண்டும் திருப்பித் தருவதாதலின், ஹெட்போன் செலவிடும் வலு ஏறக்குறைய இல்லையெனலாம். ஆயினும், அந்த 4 மில்லியம்பியரும் வேண்டும் கணத்தில் உடன் கிடைத்தற்பொருட்டு, இறுதிநிலையின் நான்கு முனைகளிலும் ஓயாது ஓட்டம் பாய்ந்துகொண்டிருத்தல் வேண்டும். முனையொன்றுக்கு 15 மில்லியம்பியர் எனக் கொள்ளின், 800 உவோற்றில் அது 12 உவாற்று. நான்கிற்கும் 48 உவாற்று. இவ்வளவும் வெப்பமாகவே வெளியேறும். ஆதலாற்றான் இவ்விரியலாக்கிகள் பெரிய அலுமினிய வெப்பத்தகடுகளைத் தாங்கி நிற்கின்றன. செவியருகே தூசியினும் மெல்லியதொரு படலத்தை அசைத்தற்கு மேசைமேல் அடுப்புப்போற் சுடும் பெட்டியொன்று வேண்டப்படுகின்றது.

ஆக்குவோன் பாகங்களைப் பற்றாசு பிடித்து இணைத்தவுடன் ஹெட்போனைச் செருகுவதில்லை. முதலில் மின்வழங்கியை மட்டும், மின்குமிழொன்றைத் தொடராக இணைத்து, இயக்குவான். எங்கேனும் குறுஞ்சுற்று இருப்பின் குமிழ் பிரகாசமாக எரிந்து அறிவிக்கும், பாகங்கள் தப்பும். மின்வழங்கி சரியென அறிந்த பின்னர் விரியலாக்கியை இணைத்து, ஒரு மணிநேரம் சூடேறவிட்டு, இரு தகட்டு முனைகளுக்கும் இடையே நேரோட்ட அழுத்தம் பூச்சியத்தை அணுகும்வரை சிறு மாறுதடைகளைத் திருப்புவான். அதன் பின்னர் ஹெட்போனுக்குப் பதிலாக 100 பிக்கோபரட் கொள்ளளவியை இணைத்துச் சோதிப்பான். இத்தனையும் நிறைவேறிய பின்னரே ஹெட்போன் அதனோடு இணையும்.

உயிர்க்காவல்

இவ்வேலையில் ஒரு சிறு கவனக்குறைவும் உயிரைப் பறிக்கும் என்பதனை இதனை வெளியிட்டோர் அனைவரும் வற்புறுத்தியுள்ளனர். படலத்திற்குச் செல்லும் 580 உவோற்று கேட்பதற்கு அச்சந்தருவதாயினும், அது 50 இலட்சம் ஓம் அளவான தடையினூடாகவே செல்வதால், தவறித் தொடினும் பாயக்கூடிய ஓட்டம் மில்லியம்பியரின் ஒன்பதிலொரு பங்களவே. உண்மையான ஆபத்து மின்வழங்கியில் உறைகின்றது. 400 உவோற்றில் ஏற்றம்பெற்ற பெரிய கொள்ளளவிகள், சுவரிலிருந்து மின்னிணைப்பை அகற்றிய பின்னரும் தம் ஏற்றத்தை விடாது வைத்திருக்கும். ஆதலின், ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஏற்றத்தை வடிக்கும் தடையொன்று அமைத்தல் வேண்டும். 100 மைக்கிரோபரட் கொள்ளளவிக்கு 220,000 ஓம் தடை அமைப்பின், அது வடிந்து தீர ஏறக்குறைய இரண்டு நிமிடங்கள் செல்லும். அவ்விரண்டு நிமிடங்கள் பொறுத்தலும், பொறுத்த பின்னரும் மானியால் அளந்து பார்த்தலும், இயங்கும் கருவியை அளக்கும்போது ஒரு கையை உடலின் பின்னே வைத்துக்கொள்ளுதலும் இத்தொழிலின் முதல் ஒழுக்கங்களாம். உலோகப் பெட்டிக்குப் புவித்தொடுப்பு இன்றியமையாதது. உயர் அழுத்தத்திற் பயிற்சியில்லாதோர் பயின்றவர் துணையின்றி இவ்வேலையைத் தொடுதல் தகாது.

மின்சுற்றை வெளியிடுவோன் எண்களோடு எச்சரிக்கையையும் சேர்த்து எழுதுதல் ஆகவே கடமையாகின்றது. ஓர் எண் தவறின் அறிமுகமில்லாத ஒருவன் எங்கோ ஓர் ஊரில் அதன் பயனை அனுபவிப்பான். பகிர்ந்த அறிவு பொறுப்பையும் உடன்சுமத்துகின்றது.

முடிபு

நிலைமின் ஹெட்போனின் வரலாற்றை மீள நோக்கின், தனியொருவரின் பெயரால் அதனைக் கூறுதல் இயலாதென்பது விளங்கும். டொல்பெயர் தட்டுகளைத் தந்தார். டி பொறெஸ்ற் வால்வைத் தந்தார். பிளாக் திரிபைக் குறைக்கும் வழியைக் காட்டினார். வின்பீல்டும் டிக்சனும் படலத்திற்குரிய பொருளையும், ஹன்ற் கணக்கையும் அளித்தனர். இவருட் பெரும்பாலோர் ஹெட்போனை எண்ணிப் பாடுபட்டவரல்லர். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் அறிந்துகொள்ள முடிந்தமையாலேயே அவர்தம் உழைப்பு ஓரிடத்திற் சேர்ந்தது.

1888 ஆம் ஆண்டின் தீர்ப்பு, ஒலியை மின்னாக அனுப்பும் முறைக்கு உரியவர் யார் என்னும் வினாவிற்கு விடை கூறிற்று. 1947 ஆம் ஆண்டில் வில்லியம்சன் தம் மின்சுற்றை மாத இதழொன்றில் வெளியிட்டபொழுது, அவ்வினாவையே கடந்து சென்றார். நிறுவனங்கள் நொடிந்தும் கைமாறியும் போன பின்னரும், மின்சுற்றை வாசித்து, பாகங்களைத் தேடி, பற்றாசு பிடித்து, குமிழின் ஒளியை நோக்கிக் காத்திருப்போர் இன்றும் உளர். இரண்டு நிமிடம் பொறுத்து, அளந்து, திருத்தி, இறுதியில் அவர் கேட்கும் இசையில் டொல்பெயரின் முணுமுணுப்பு முழுக்குரல் பெற்று நிற்கின்றது.